பிரஷ் கட்டர் இன்ஜினா, விமானத்துக்கென்றே செய்த இன்ஜினா: கால் அளவு பைப்பர் கப்புக்கு எதை வைப்பது?

பைப்பர் ஜே-3 கப் விமானத்தின் இறக்கை 35 அடி 3 அங்குலம். அதை ரேடியோவில் இயக்கும் மாதிரி விமானமாக, கால் அளவில், அதாவது நாலில் ஒரு பங்காகச் செய்தால் இறக்கை ஒன்பது அடிக்குச் சற்றே குறைவாக வரும். பால்சா மரமும் பிளைவுட்டும் துணி உறையும் ரேடியோ சாமான்களும் சேர்ந்து, பறக்கத் தயாராக நிற்கும்போது ஏழு முதல் ஒன்பது கிலோ இருக்கும். இந்த அளவில் மாதிரி விமானம் கட்டத் தொடங்குகிறவர்கள் எல்லோரும், இறக்கைச் சட்டங்களை வெட்டி முடிப்பதற்குள் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். மூக்கில் எந்த இன்ஜினை வைப்பது?

கடையில் விமானத்துக்கென்றே செய்த பெட்ரோல் இன்ஜின் கிடைக்கிறது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, வரியும் கட்டி முடிக்கும்போது அதன் விலை விமானத்தின் மற்றச் செலவுகளையெல்லாம் தாண்டிவிடுகிறது. மறுபக்கம், தென்னந்தோப்பிலும் தேயிலைத் தோட்டத்திலும் தோளில் மாட்டிப் புல் வெட்டும் பிரஷ் கட்டர் இருக்கிறது. அதன் தலையில் உட்கார்ந்திருப்பதும் 25 முதல் 52 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தான். முழு இயந்திரமே விமான இன்ஜின் விலையில் நாலில் ஒரு பங்குக்குள் கிடைத்துவிடும். பழையது என்றால் இன்னும் மலிவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் விமானம் மெதுவாகப் பறக்கிற, மூக்கு குட்டையான வகையாக இருக்க வேண்டும். நுணுக்கம் தெரிந்த ஒரு லேத் பட்டறை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் அமைந்தால் தோட்ட இயந்திரத்தின் இன்ஜினை மாற்றியமையுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், பணத்தைச் சேர்த்து வைத்து விமானத்துக்கென்றே செய்ததை வாங்குங்கள். இனி எழுதுவதெல்லாம் இதற்கான காரணங்கள்.

இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் பெரிய அளவு மாதிரி விமானங்கள் பரவியபோது, ஹோம்லைட் 25 சிசி, ரியோபி 31 சிசி போன்ற புல் வெட்டும் இயந்திரங்களின் இன்ஜின்கள்தான் பலருடைய முதல் பெட்ரோல் இன்ஜின்கள். வீட்டுக் கொட்டகையில் ஃபிளைவீலைக் கடைந்து, புரொப்பெல்லர் மாட்டிப் பறக்கவிட்டார்கள். ஜப்பானின் செனோவா நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிரஷ் கட்டரும் மரம் அறுக்கும் ரம்பமும் செய்துவந்த அதே நிறுவனம், ஜி-38, ஜி-62 என்று மாதிரி விமானங்களுக்கான இன்ஜின்களையும் விற்றது. தோட்டத்து இன்ஜினுக்கும் வானத்து இன்ஜினுக்கும் இடையே உள்ள சுவர் அவ்வளவு மெல்லியது. ஆனால் சுவர் இருக்கிறது. அதை எங்கே உடைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

முதலில் எண்களைப் பார்ப்போம். சந்தையில் அதிகம் புழங்கும் சீனத் தயாரிப்பு பிரஷ் கட்டர்களில் 1இ40எஃப்-5 என்ற குறியீடு கொண்ட இன்ஜின் 42.7 சிசி, நிமிடத்துக்கு 6,500 சுற்றில் 1.25 கிலோவாட் என்று போட்டிருப்பார்கள். அதாவது 1.7 குதிரைத்திறன். அதன் அண்ணன் 1இ44எஃப்-5, 51.7 சிசி. இரண்டுக்கும் பிஸ்டன் ஓட்டம் 34 மில்லிமீட்டர்தான். சிலிண்டர் விட்டம் மட்டும் 40, 44 என்று மாறுகிறது. விமானத்துக்கென்றே வரும் டிஎல்இ-30 இன்ஜினோ 30.5 சிசியில் 3.7 குதிரைத்திறன் தருவதாகத் தயாரிப்பாளர் சொல்கிறார். எடை இக்னிஷனும் சைலன்சரும் நீங்கலாகச் சுமார் 910 கிராம். கொள்ளளவில் சிறியது, ஆனால் திறன் இரு மடங்கு, எடை பாதி. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் கப் விமானத்துக்கு எவ்வளவு திறன் தேவை? நிதானமாகப் பறக்கும் விமானத்துக்குக் கிலோவுக்கு 100 முதல் 150 வாட் போதும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. எட்டுக் கிலோ கப்புக்கு ஒரு கிலோவாட் சுற்றுவட்டாரம். 43 சிசி பிரஷ் கட்டர் இன்ஜின் அதைக் கொடுத்துவிடும். 8 அங்குலப் பிட்ச் உள்ள, அதாவது ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் முன்னேறும் புரொப்பெல்லரை 7,000 சுற்றில் சுழற்றினால் அது காற்றைத் தள்ளும் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். கப் அதற்கு மேல் பறந்தால் கப் மாதிரியே இருக்காது. பெரிய புரொப்பெல்லரை மெதுவாகச் சுழற்றுவதுதான் இந்த வகை விமானத்துக்குத் தேவை. தோட்டத்து இன்ஜினும் அந்தச் சுற்றில் உழைக்கவே பிறந்தது.

எடைக்கும் இதே நியாயம் உண்டு. கப்பின் மூக்கு குட்டை, வால் நீளம். சின்ன இன்ஜின் வைத்தவர்கள் பலரும் ஈர்ப்பு மையத்தைச் சரிசெய்ய மூக்கில் ஈயம் சேர்க்கிறார்கள். முதல் உலகப் போரின் சாப்வித் கேமல் போன்றவற்றில் நிலைமை இன்னும் மோசம். மூல விமானத்தில் கனமான சுழல் இன்ஜின் இருந்த இடத்தில் நாம் லேசானதை வைத்தால், அந்தக் குறையை ஈயத்தால்தான் நிரப்ப வேண்டும். அப்படியிருக்க, முக்கால் கிலோ கூடுதலாக இருக்கும் இன்ஜினைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. ஈயம் உழைக்காது, இன்ஜின் உழைக்கும். இதே வாதம் எக்ஸ்ட்ரா 300 போன்ற சாகச விமானத்துக்குச் செல்லாது. செங்குத்தாக மேலேறி நிற்க வேண்டிய விமானத்தில் ஒவ்வொரு கிராமும் எதிரி. அதற்குத் தோட்டத்து இன்ஜினை வைப்பது வீண் வேலை என்று உறுதியாகச் சொல்வேன்.

எந்த இயந்திரத்திலிருந்து எடுப்பது?

தோட்டத்து இன்ஜின் என்றால் எல்லாம் ஒன்றில்லை. பிரஷ் கட்டர், முதுகில் மாட்டும் மிஸ்ட் புளோயர், மரம் அறுக்கும் ரம்பம், ஹோண்டாவின் நான்கு ஸ்ட்ரோக் என்று நான்கு வகை முன்னால் நிற்கின்றன. இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது, விமான இன்ஜின் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியைவிட முக்கியம். ஏனென்றால் தவறான இன்ஜினில் தொடங்கினால் லேத் பட்டறைக்காரர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் காப்பாற்ற முடியாது.

கவனிக்க வேண்டிய முதல் சங்கதி சுழலும் திசை. கடையில் கிடைக்கும் சாதாரண புரொப்பெல்லர், விமானத்தின் முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். பிரஷ் கட்டரின் கிளட்ச் பக்கத்தை நேராகப் பார்த்தால் தண்டு இடஞ்சுழியாகத்தான் சுற்றுகிறது. ஆகவே கிளட்ச் இருந்த இடத்திலேயே புரொப்பெல்லரை மாட்டினால் திசை தானாகச் சரியாகிவிடும். மரம் அறுக்கும் ரம்பத்தில் இது தலைகீழ். சங்கிலி பட்டையின் மேல்பக்கத்தில் முன்னோக்கி ஓடுவதால், கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தால் தண்டு வலஞ்சுழி. அங்கே புரொப்பெல்லரை ஃபிளைவீல் பக்கம்தான் மாட்ட வேண்டும். அல்லது பின்னாலிருந்து தள்ளும் விமானங்களுக்கு விற்கும் எதிர்த்திசை புரொப்பெல்லரைத் தேட வேண்டும். அது எல்லா அளவிலும் கிடைக்காது. வாங்குவதற்கு முன் கயிற்றை மெல்ல இழுத்து, தண்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். யார் சொன்னாலும் நம்பாமல் பார்க்க வேண்டிய ஒன்று இது.

இரண்டாவது, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட். சில மலிவான புல் வெட்டும் இயந்திரங்களில் கிராங்குக்கு ஒரு பக்கம் மட்டும்தான் தாங்கும் பேரிங் உண்டு. மறுபக்கம் காற்றில் நிற்கும். அமெரிக்கர்கள் மாற்றிய ரியோபி 31 இந்த வகை. லேசானது, கடைவதற்குச் சுலபமானது. ஆனால் தரையிறங்கும்போது புரொப்பெல்லர் மண்ணில் குத்தினால் கிராங்க் வளையும் வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன 43, 52 சிசி சீன இன்ஜின்களில் இரு பக்கமும் பேரிங் உண்டு. சில நூறு கிராம் கூடும். நம்முடைய பறக்கும் மைதானங்கள் பெரும்பாலும் மேடும் பள்ளமும் நிறைந்த ஏரிக்கரைகளும் தரிசு நிலங்களும்தான். அந்தக் கூடுதல் கிராம்களை நான் மனமுவந்து ஏற்பேன்.

மிஸ்ட் புளோயருக்குத் தனி அழகு ஒன்று உண்டு. அதில் கிளட்ச் கிடையாது. மருந்தடிக்கும் விசிறி நேராக கிராங்கில் பூட்டியிருக்கும். விசிறியின் சுமையும் புரொப்பெல்லரின் சுமையும் ஒரே குணம் கொண்டவை: சுற்று இரட்டித்தால் தேவையான முறுக்குவிசை நான்கு மடங்காகும். எனவே அந்த இன்ஜின் ஏற்கெனவே ஒருவகையில் விமானத்துக்குரிய உழைப்பைத்தான் செய்துகொண்டிருந்தது. புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைக்கும் ஹப்பை மாட்டுவதற்கான தண்டும் தயாராக இருக்கிறது. சிக்கல் கார்புரேட்டரில். மிஸ்ட் புளோயர்கள் சிலவற்றில் டேங்க் மேலே இருந்து பெட்ரோல் தானாகக் கீழிறங்கி மிதவைக் கிண்ணத்தில் நிறையும் வகைக் கார்புரேட்டர் இருக்கும். அது விமானத்துக்கு ஆகாது. மூக்கைத் தூக்கினாலே கலவை கெடும், தலைகீழானால் நின்றுவிடும். கார்புரேட்டரின் அடியில் கிண்ணம் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் வால்ப்ரோ மாதிரியான டயாஃப்ரம் கார்புரேட்டர் ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். டயாஃப்ரம் வகை, கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பைக் கொண்டு தானே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். டேங்கை விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு அருகில் கொண்டுபோய் வைக்கலாம். பெட்ரோல் தீரத் தீர விமானத்தின் சமநிலை மாறாது.

மர ரம்பத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திறன் அதிகம், கட்டுமானம் உறுதி. ஆனால் இன்ஜினின் உடலே எண்ணெய்த் தொட்டியும் கைப்பிடியும் சேர்ந்த ஒரே வார்ப்பாக இருப்பது வழக்கம். அறுத்துத் தேய்த்து இன்ஜினைத் தனியே பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 50 சிசிக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

ஹோண்டா நான்கு ஸ்ட்ரோக்குகள் எனக்குப் பிடித்தமானவை. ஜிஎக்ஸ்35 இன்ஜின் 35.8 சிசி, 7,000 சுற்றில் ஒரு கிலோவாட். எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் எண்ணெய் ஓட்டம் தடைபடாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். 100 மில்லி எண்ணெய் போதும். பெட்ரோலில் எண்ணெய் கலக்கத் தேவையில்லை. விமானத்தின் அடிவயிறு எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் சுத்தமாக இருக்கும். சத்தமோ உண்மையான கப் கடந்து போவது போலவே இருக்கும். ஆனால் முழு இன்ஜினின் எடை மூன்றரைக் கிலோவை ஒட்டி வருகிறது. மூடிகளையும் ஸ்டார்ட்டரையும் டேங்கையும் கழற்றி, ஃபிளைவீலைக் கடைந்தாலும் இரண்டு கிலோவுக்குக் கீழே கொண்டுவருவது கடினம். ஒரு கிலோவாட்டுக்கு அது அதிக எடை. ஒன்பது கிலோவுக்கு மேல் போகிற, பெரிய இறக்கை கொண்ட கப் என்றால் சத்தத்துக்காகவே இதை வைக்கலாம். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழு கிலோ விமானத்துக்கு வேண்டாம்.

ஆக, என் தேர்வு இரு பக்கமும் பேரிங் உள்ள, டயாஃப்ரம் கார்புரேட்டர் கொண்ட, 33 முதல் 43 சிசி வரையிலான இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். புதிது வாங்கக் கைவராவிட்டால் பழையதையும் எடுக்கலாம், ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றினால் புகை வெளியேறும் துளை தெரியும். பிஸ்டனை அந்தத் துளைக்கு நேரே கொண்டுவந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால், யாரோ எண்ணெய் கலக்காத பெட்ரோலை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். பிஸ்டன் பளபளவென்று இருந்தால், ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து முழு இயந்திரத்தையும் தொங்கவிடுங்கள். சடாரென்று இறங்கினால் கம்ப்ரெஷன் போய்விட்டது. விட்டு விட்டு மெல்ல இறங்கினால் நல்ல இன்ஜின். கடைசியாக, கிளட்ச் பக்கத் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் மாற்ற வேண்டும். அது பெரிய செலவில்லை, பேரம் பேசப் பயன்படும்.

மேக்னெட்டா, மின்னணு இக்னிஷனா?

மாற்றியமைக்கும் வேலையில் உண்மையான பிரிவு இங்கேதான். பிரஷ் கட்டரில் ஃபிளைவீலின் விளிம்பில் காந்தம் பதித்திருக்கும். அது காயிலைக் கடக்கும்போதெல்லாம் ஸ்பார்க் பிளக்கில் பொறி எழும். இந்த அமைப்புதான் மேக்னெட். அதே ஃபிளைவீல்தான் குளிர்விக்கும் விசிறியும்கூட. இதை அப்படியே வைத்துக்கொண்டு, விசிறி இதழ்களை மட்டும் லேத்தில் கடைந்து எடையைக் குறைத்து, அதற்கு முன்னால் ஹப் மாட்டுவது ஒரு வழி. ஃபிளைவீலையே கழற்றி எறிந்துவிட்டு, ஹப்பில் சின்னக் காந்தம் பதித்து, அந்தக் காந்தத்தை உணரும் ஹால் சென்சாரும், பொறியை எழுப்பும் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டியும், பேட்டரியும் வைப்பது இன்னொரு வழி.

மேக்னெட்டை வைத்துக்கொள்வதில் ஒரு நிம்மதி உண்டு. பேட்டரி தீர்ந்துபோய் வானத்தில் இன்ஜின் அணையும் பயம் இல்லை. வாங்க வேண்டிய புதுச் சாமான் எதுவும் இல்லை. ஆனால் காயிலில் போதிய மின்சாரம் எழ ஃபிளைவீல் வேகமாகச் சுற்ற வேண்டும். கையால் புரொப்பெல்லரைத் தட்டி ஸ்டார்ட் செய்யும்போது அந்த வேகம் எளிதில் வராது. பொறி எழும் நேரமும் ஓடும் வேகத்துக்கேற்ப நிரந்தரமாக முன்கூட்டியே வைக்கப்பட்டிருப்பதால், மெதுவாகத் தட்டினால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அந்த உதை விரலை முறித்துவிடும்; இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. மேக்னெட்டோடு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சுருள்வில் ஸ்டார்ட்டரோ மின் ஸ்டார்ட்டரோ பயன்படுத்துவது இதனால்தான்.

சிடிஐ வைத்தால் மெல்லத் தட்டினாலும் பொறி வரும். தொடக்கத்தில் பொறியைத் தாமதப்படுத்தி, சுற்று ஏற ஏற முன்னுக்குக் கொண்டுபோகும். முழு வேகத்தில் பிஸ்டன் உச்சத்துக்கு வருவதற்கு 28 பாகைக்கு முன்னால் பொறி எழுமாறு சென்சாரை அமைப்பது வழக்கம். பெட்டி சுமார் 120 கிராம், பேட்டரி இன்னொரு நூறு கிராம். ஃபிளைவீலும் காயிலும் போவதால் மொத்தத்தில் எடை குறைகிறது. ஐடிலில் இன்ஜின் மெதுவாகவும் சீராகவும் ஓடும். கப் தரையிறங்கும்போது இது எவ்வளவு பெரிய வரம் என்பது இறக்கியவர்களுக்குத் தெரியும். செலவு கூடுவது உண்மைதான். ஆனால் விரல்களையும் ஸ்டார்ட்டரின் விலையையும் கணக்கில் சேர்த்தால் நான் சிடிஐ பக்கம்தான். இரண்டில் எதுவானாலும் இன்ஜினை ரிமோட்டிலிருந்து அணைக்க வழி வேண்டும். மேக்னெட்டில் காயிலின் நிறுத்துக் கம்பியை உடலோடு தொடவைத்தால் அணையும். அதற்கு ரிமோட்டுக்கு அசையும் சின்ன மோட்டாரான சர்வோ ஒன்று போதும். சிடிஐக்குப் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச் தனியாகக் கிடைக்கிறது. ரிசீவரைப் பொறியிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வையுங்கள்.

லேத் பட்டறையில்

ஹப்தான் இந்த வேலையின் உயிர். கிராங்கின் முனை கூம்பாக இருக்கும். அதே கூம்பை ஹப்பின் உள்ளே கடைய வேண்டும். கோணம் அரைப் பாகை தவறினாலும் ஹப் கூம்பின் ஒரு முனையில் மட்டும் உட்காரும், சில ஓட்டங்களில் தளரும். சரியாக உட்காருகிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கூம்பின் மேல் மார்க்கர் பேனாவால் நீளவாக்கில் நாலைந்து கோடுகள் போட்டு, ஹப்பை அழுத்திச் சற்றே திருகி எடுங்கள். கோடுகள் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் சரி. நுனியில் மட்டும் தேய்ந்திருந்தால் மறுபடி லேத்துக்குப் போக வேண்டும். சின்ன வித்தியாசம் என்றால் வால்வு தேய்க்கும் பேஸ்ட் தடவித் தேய்த்தே சேர்த்துவிடலாம். பிறகு பேஸ்ட் ஒரு துகளும் மிஞ்சாமல் கழுவ வேண்டும், பேரிங்குக்குள் போனால் ஆபத்து. கிராங்கில் உள்ள சின்ன அரைவட்டச் சாவி ஹப்பைப் பிடித்துக்கொள்வதற்கில்லை, இடம் காட்டுவதற்குத்தான். பிடிப்பது கூம்பு.

ஹப்பை மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். புரொப்பெல்லர் அமரும் முகத்தில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் அதிர்வு விமானத்தையே பிரித்துப்போடும். இந்தத் துல்லியத்தைக் கேட்டதும் "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று சொல்லும் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கோயம்புத்தூர் மாதிரி பம்பும் மோட்டாரும் செய்யும் ஊர்களில் இதைப் புரிந்துகொண்டு செய்பவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. மற்ற ஊர்களில் தேட வேண்டும். பட்டறை கைக்கெட்டாவிட்டால் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

குளிர்விப்பு அடுத்தது. விசிறியும் அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையும் போய்விட்டதால் இனி புரொப்பெல்லர் காற்றுதான் துணை. கப்பில் சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது மூல விமானத்திலேயே உள்ள வடிவம். அதனால் நமக்குச் சுலபம். முழுக்க மூடிய மூக்கு என்றால், காற்று உள்ளே நுழையும் வாயைவிட வெளியேறும் வாய் பெரிதாக இருக்க வேண்டும். நுழைந்த காற்று சிலிண்டரைத் தொடாமல் தப்பிவிடாதபடி தடுப்புத் தகடுகளும் வேண்டும். பிரஷ் கட்டரில் கார்புரேட்டர் ஒரு கன்னத்திலும் சைலன்சர் மறு கன்னத்திலும் நீட்டிக்கொண்டிருப்பதை வாங்கும்போதே கவனியுங்கள். விமான இன்ஜின்களில் கார்புரேட்டர் பெரும்பாலும் பின்னால் ஒளிந்திருக்கும். குறுகிய மூக்குள்ள விமானத்துக்கு இந்த ஒரு காரணமே போதும், தோட்டத்து இன்ஜினை ஒதுக்க.

கார்புரேட்டரின் மூடித்தகட்டில் ஊசிமுனை அளவில் ஒரு துளை இருக்கும். டயாஃப்ரத்தின் மறுபக்கத்துக்கு வெளிக்காற்று போகும் வழி அது. மூக்குறைக்குள் காற்றழுத்தம் மாறும்போது இந்தத் துளை வழியாகக் கலவை மாறிவிடும்; தரையில் அருமையாக ஓடிய இன்ஜின் மேலே போனதும் திணறும். துளையில் ஒரு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, ரப்பர் குழாய் மூலம் விமானத்தின் உடலுக்குள் கொண்டுபோய் விட்டால் தீர்ந்தது. விலைகொடுத்து வாங்கிய இன்ஜினிலும் இதே தொல்லை வரலாம்.

மற்ற வழிகள்

மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜின் பழக்கப்பட்டவர்கள் அதிலேயே பெரியதை வாங்கலாமே என்பார்கள். இந்த அளவு விமானத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிட மெத்தனால் அதிகம் வேண்டும். பெட்ரோலைப்போல் இரு மடங்குக்கு மேல் குடிக்கும். அதோடு தமிழ்நாட்டில் மெத்தனால் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் நேர்ந்த சாவுகளுக்குப் பிறகு அதை வாங்குவதும் வைத்திருப்பதும் கவனிக்கப்படுவது நியாயமே. ஒரு பொழுதுபோக்குக்காக அந்த வழியில் போக வேண்டாம்.

மின்சார மோட்டார் சுத்தமானது, அதிர்வற்றது, ஊருக்குள் சத்தமில்லாதது. 22.2 வோல்ட், 5,000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பது 111 வாட்-மணி. ஒரு கிலோவாட் வீதம் இழுத்தால் ஏழு நிமிடத்துக்குள் காலி. பாதித் திறனில் பறந்தால் பதின்மூன்று நிமிடம் சொச்சம். பெட்ரோல் அரை லிட்டரில் அதைவிட வெகுநேரம் பறக்கலாம், மறுபடி ஊற்றிக்கொண்டு உடனே கிளம்பலாம். பேட்டரி ஜோடிகளை வாங்கிச் சேர்க்கும் செலவு இன்ஜின் விலையைத் தொடும். ஆனாலும் மைதானத்தைச் சுற்றி வீடுகள் இருந்தால் மோட்டார்தான் சரி. அக்கம்பக்கத்தாரோடு சண்டை போட்டுக்கொண்டு பறக்க முடியாது.

பெட்ரோலில் இப்போது எத்தனால் 20 விழுக்காடு கலந்து வருகிறது. அது ஈரத்தை உறிஞ்சும், டயாஃப்ரத்தையும் குழாய்களையும் விரைப்பாக்கும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். குளோ இன்ஜினில் பயன்படுத்தும் சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊதிக் கழன்றுவிடும். டைகான் போன்ற பெட்ரோல் தாங்கும் குழாயும், டேங்கின் மூடிக்கு அதே வகை ரப்பரும் வேண்டும். எண்ணெய்க் கலவை 32-க்கு 1 என்று தொடங்குங்கள். பிரஷ் கட்டரின் கையேடு 25-க்கு 1 என்றால் முதல் சில டேங்குகளுக்கு அதையே பின்பற்றலாம்.

விலையை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் முதலில் தோன்றியது போல் அவ்வளவு பெரிதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரஷ் கட்டர், சிடிஐ, ஹப் கடைசல், ஃபயர்வாலில் (இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்புப் பலகை) இறுக்கும் தாங்கி, ஒன்றிரண்டு மர புரொப்பெல்லர் எல்லாம் சேர்ந்தால் விமான இன்ஜின் விலையில் பாதியை எட்டிவிடும். மிச்சம் பாதிக்கு நீங்கள் வாரக்கடைசி நாட்களைக் கொடுக்கிறீர்கள். அதற்கு ஈடாக உதிரி பாகங்கள் கிடைக்கின்றன. பிஸ்டன், வளையம், காஸ்கெட், கார்புரேட்டர் டயாஃப்ரம் எல்லாம் விவசாயக் கருவி விற்கும் கடையில் அன்றைக்கே கைக்கு வரும். இறக்குமதி இன்ஜினுக்கு ஒரு வளையம் வேண்டுமென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு அனுகூலத்துக்காகவே நான் மாற்றியமைத்த இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்கிறேன்.

முடிவெடுத்துவிட்டால் வரிசை முக்கியம். விமானத்தின் மூக்கை முடித்துவிட்டு இன்ஜினைத் தேடாதீர்கள். இன்ஜினை முதலில் மாற்றி முடித்து, ஹப், சைலன்சர், தாங்கி, புரொப்பெல்லர் எல்லாவற்றோடும் தராசில் வையுங்கள். பெஞ்சில் இறுக்கி, 43 சிசி என்றால் 20க்கு 8, 33 சிசி என்றால் 18க்கு 6 மர புரொப்பெல்லர் (முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச், இரண்டும் அங்குலத்தில்) போட்டு, கையுறை அணிந்து, சுழல் தளத்துக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்காமல் ஓட்டிப் பாருங்கள். புரொப்பெல்லர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டக் கூடாது. ஃபிளைவீல் போன இன்ஜின் சுமையின்றிச் சுற்று ஏறித் தன்னையே உடைத்துக்கொள்ளும். சூடு ஆறியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். சைலன்சர் போல்ட்டுக்கு மட்டும், தளராமல் பிடிக்கும் பசை நிற்காது, கம்பி கட்ட வேண்டும். சுற்றும் எடையும் கையில் வந்த பிறகே, ஈர்ப்பு மையக் கணக்கைப் போட்டு, ஃபயர்வால் எங்கே நிற்க வேண்டும் என்று பிளைவுட்டில் கோடு இழுங்கள்.